இல்லாத நாடுகளின் சிப்பாய்கள்

விரல் நீளமே உள்ள சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, அவர்கள் நடக்கும் தூரத்தை அளவுகோலால் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்ப்பது சிற்றுருவப் போர் விளையாட்டு. நடந்து முடிந்த போர்களை மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் இதன் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வாட்டர்லூவையும் கெட்டிஸ்பர்க்கையும் அப்படி ஆடுகிறவர்கள் ஏராளம். ஆனால் இன்று இந்த விளையாட்டில் மிகப் பெரும்பாலோர் ஆடுவது எந்த வரலாற்று நூலிலும் இல்லாத போர்களை. அந்தப் போர்கள் நடக்கும் ஊர்களும் எந்த நிலப்படத்திலும் இல்லை. இதைப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட மோகம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. வரலாற்றைப் பார்த்தால் அது சரியில்லை. கற்பனை நாடு இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது.

போர் விளையாட்டின் மூத்த கிளை படை அதிகாரிகளின் பயிற்சி அறையில் முளைத்தது. ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் என்ற பேராசிரியர் 1780-இல் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் ஆட்டம் அமைத்தார். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையின் பெயராலேயே அமைந்த சதுரங்கம் இப்படி மறுபடி தன் பழைய பொருளுக்குத் திரும்பியது. 1812-இல் பிரஷ்ய அரசருக்கு ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, மலையும் ஆறும் அமைந்த துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மேசை ஒன்றைச் செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824-இல் அதே விளையாட்டை 1:8000 அளவுள்ள நிலப்படத்துக்கு மாற்றி விதிநூல் வெளியிட்டார். பிரஷ்யப் படை அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அதில் மோதியவை நீலக் கட்டைகளும் சிவப்புக் கட்டைகளும். பயிற்சி என்பதால் போரும் கற்பனைப் போர்தான். நடந்த போரில் முடிவு முன்பே தெரிந்துவிடும். தளபதி தானாக முடிவெடுக்க அங்கே இடமில்லை. நடக்காத போரில்தான் அவருக்கு வேலை. இந்த எளிய உண்மை இருநூறு ஆண்டுகளாக இந்த விளையாட்டை விட்டு விலகவில்லை.

இளைய கிளை பிள்ளைகளின் அறையில் முளைத்தது. அங்கேதான் கற்பனை செழித்தது. 1826 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஹாவர்த் கிராமத்துப் பாதிரியார் பேட்ரிக் பிரான்ட்டே, லீட்ஸ் நகரத்திலிருந்து மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டியில் 12 மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஷார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தாள். பிரான்வெல் போனபார்ட் என்று வைத்தான். எமிலியின் சிப்பாய் முகம் கொஞ்சம் உம்மென்று இருந்ததால் அதற்கேற்ற பெயர் கிடைத்தது. சிப்பாய்க்குப் பெயர் வந்ததும் அவனுக்கு ஊர் வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி நகரம் என்று ஒரு கற்பனைப் பட்டணம் எழும்பியது. அதற்கு அரசியலும் பத்திரிகையும் வந்தன. அந்தப் பத்திரிகைகள் இன்றும் இருக்கின்றன: தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய தாள்கள், படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டிய எழுத்துகள். மரச் சிப்பாயின் கைக்கு ஏற்ற அளவில் புத்தகம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளின் கணக்கு. கண்ணாடி நகரத்திலிருந்து ஷார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்ரியா என்ற அரசுக்குப் போனார்கள். எமிலியும் ஆனும் கோண்டல் என்ற தீவுக்குப் பிரிந்தார்கள். சகோதரிகள் மூவரும் பின்னாளில் நாவலாசிரியர்களாகப் புகழ்பெற்றதால் இந்தக் கதை இலக்கிய வரலாற்றில் மட்டுமே சொல்லப்படுகிறது. போர் விளையாட்டின் வரலாற்றிலும் இதற்கு முதலிடம் தர வேண்டும். பெயர், ஊர், பகை, பத்திரிகை என்று பின்னால் வந்த ஒவ்வொரு கற்பனை உலகமும் இதே வரிசையில்தான் வளர்ந்திருக்கிறது.

1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நுரையீரல் நோய்க்கு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மனைவியின் முதல் மணத்து மகன் லாயிட் ஆஸ்போர்னோடு தங்கியிருந்த வீட்டின் பரண்தளத்தில் இதே வேலையைத் தொடங்கினார். தரை முழுக்க வண்ணச் சுண்ணக்கட்டியால் மலை, ஆறு, பாலம், நல்ல சாலை, சேற்றுப் பாதை எல்லாம் வரைந்தார்கள். ஈயச் சிப்பாய்கள் அதன்மேல் நாள்கணக்கில் நகர்ந்தார்கள். நோயாளியான எழுத்தாளர் அந்தத் தரையில் படுத்தபடியே படை நடத்தினார். அதோடு நிற்கவில்லை. 'க்ளெண்டரூல் டைம்ஸ்' என்ற இல்லாத பத்திரிகைக்குப் போர்ச் செய்திகளையும் எழுதினார். அதற்கு எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்றும் இருந்தது. தளபதிகளைத் திட்டும் நிருபர், தோல்வியை மூடி மறைக்கும் அறிக்கை எல்லாம் அதில் உண்டு. லாயிட் 1898-இல் அவற்றை வெளியிட்டார். சிறுவனுக்கும் பெரியவருக்கும் ஆட்டம் சமமாகவே கனமாக இருந்தது என்பது அந்தக் குறிப்புகளில் வரிக்கு வரி தெரிகிறது.

எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலில் விதிகளை எழுதி அச்சிட்டபோதுதான் இந்த விளையாட்டு பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்கான பொருள் முன்பே கடைகளில் தயாராக இருந்தது. 1893-இல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உட்பகுதியைக் குழிவாக விட்டுச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது. மரக்குச்சித் துண்டைச் சுருள்வில் வேகத்தில் எறியும் பொம்மைப் பீரங்கியையும் அதே நிறுவனம் விற்றது. வெல்ஸின் விதிகள் தெளிவானவை: காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டடி, குறி பார்த்துச் சுட்டதில் விழுந்தவன் இறந்தவன். மோதிய நாடுகள் சிவப்பு நாடும் நீல நாடும். செவ்வாய்க் கிரகத்து ஆள்களை இங்கிலாந்தின்மேல் இறக்கிக் கதை எழுதியவர் அவர். தன் வீட்டுத் தரையில் அவர்களை இறக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. அவருக்கு வேண்டியிருந்தது யாருடைய நாடும் இல்லாத நாடு. உண்மைப் போரை வெறுத்தவர், சிறு போர் போதும், பெரிய போர் வேண்டாம் என்று அந்த நூலிலேயே வாதாடியவர். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் விளையாட்டு மறுபடி தலையெடுத்தது. ஆடியவர்களில் பலர் உண்மையான போரிலிருந்து திரும்பியவர்கள். சவுத்தாம்ப்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனும் டோனி பாத்தும் 1950-களில் ஒரே மேசையில் ஆடினார்கள். ஃபெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய 'வார் கேம்ஸ்' அந்தத் தலைமுறையின் பாடநூலானது. பாத் செய்தது வேறு. அவரிடம் 30 மில்லிமீட்டர் உயரமுள்ள தட்டையான தகரச் சிப்பாய்கள் இருந்தன. எகிப்தியத் தேர்ப்படை, ரோமானியக் காலாள், இடைக்கால வீரர்கள் எனக் காலம் காலமாகப் பிரிந்து கிடந்தவர்கள். வரலாற்றுப்படி இவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட் 1930-களில் கோனன் என்ற வீரனை வைத்து எழுதிய கதைகளில் ஹைபோரிய யுகம் என்ற கற்பனைப் பழங்காலம் உண்டு. அதில் எகிப்தைப் போன்ற நாடும் வடபுலக் கொள்ளையர் நாடும் கவசக் குதிரைவீரர் நாடும் அக்கம்பக்கமாக இருந்தன. பாத் அந்த நிலப்படத்தை எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்த படைகள் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நாடு கிடைத்தது.

1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஹைபோரியப் போர்த்தொடர் ஆண்டுக்கணக்கில் நடந்தது. நண்பர்கள் ஆளுக்கொரு நாட்டை ஆண்டார்கள். தொலைவில் இருந்தவர்கள் தபாலில் உத்தரவு அனுப்பினார்கள். வரி, கப்பல், உளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. தளபதிகளுக்கும் இளவரசர்களுக்கும் பாத் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டுகளை உருவிக் குணம் வகுத்தார். ஒருவன் விசுவாசி, ஒருவன் பணத்தாசைக்காரன் என்பது சீட்டில் விழும். பணத்தாசை பிடித்த தளபதி நாளைக்கு எதிரியிடம் விலைபோகக்கூடும் என்று தெரிந்தே அரசன் அவனிடம் படையைக் கொடுக்க வேண்டும். திருமணம், வாரிசுச் சண்டை, கலகம் எல்லாம் அந்தக் குணங்களிலிருந்து தாமாகக் கிளைத்தன. இந்த அனுபவத்தை 1973-இல் ஒரு கையேடாகவே எழுதினார். இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரே ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைக்குமானால் பாத்தின் மேசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோவர்ட் எழுதிவைத்த நாடுகள் அங்கே ஆட்டக்காரர்களின் நாடுகளாகிவிட்டன. யார் அடுத்த அரசன் என்பதை எழுத்தாளரின் கதை தீர்மானிக்கவில்லை. போன வாரத்துப் போர் தீர்மானித்தது.

அதே காலத்தில் பிரிட்டனில் இன்னொரு வகைக் கற்பனையும் வேரூன்றியது. அதில் மந்திரமும் கிடையாது, பூதமும் கிடையாது. உலகப்போரில் கமாண்டோப் படை நடத்தியவரும் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் போர் வரலாறு கற்பித்தவருமான பிரிகேடியர் பீட்டர் யங், ஜே. பி. லாஃபர்டோடு சேர்ந்து 1967-இல் 'சார்ஜ்!' என்ற நூலை வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டின் படைகளைப் போலவே உடுத்திய, ஆனால் அந்த நூற்றாண்டில் இல்லாத அரசுகளின் படைகள் அதில் மோதின. சார்ல்ஸ் கிராண்ட் 1971-இல் எழுதிய 'தி வார் கேம்' நூலிலும் இப்படி இட்டுக்கட்டிய அரசுகள் உண்டு. வரலாற்றை நன்றாகப் படித்த இவர்கள் ஏன் வரலாற்றை விட்டு விலகினார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்து ஜெர்மன் நிலப்பரப்பு ஏறக்குறைய முந்நூறு சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. இன்னும் ஒன்றைச் செருகினால் யாருக்கும் உறுத்தாது. செருகியவருக்குக் கிடைப்பதோ பெரிது. சீருடையின் நிறத்தை, கொடியின் சின்னத்தை, படைப்பிரிவின் பழம்பெருமையை அவரே வகுக்கலாம். உண்மைப் படைக்கு வண்ணம் தீட்டுகிறவர் பொத்தான் வெள்ளியா பித்தளையா என்று ஏடு புரட்ட வேண்டும். தப்பினால் சுட்டிக்காட்ட நாலு பேர் வருவார்கள். தன் சிற்றரசின் சிப்பாய்க்குப் பொத்தான் நிறத்தைச் சொல்லக்கூடியவர் அதன் சிற்றரசர் மட்டுமே.

அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களின் ஆட்டக் குழுவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை அமைத்தார். படைகள் வந்து சேருவதற்கு முன் ஊருக்குள் என்ன நடக்கும் என்று காட்ட, ஆட்டக்காரர்களுக்கு நகரத்தலைவர், பல்கலைக்கழக அதிகாரி போன்ற வேடங்களைக் கொடுத்தார். எல்லாரும் மேசையை விட்டு மூலைக்கு மூலை ஒதுங்கிச் சதியும் பேரமும் பேசத் தொடங்கினார்கள். போர் தொடங்கவே இல்லை. ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் 1971-இல் பிளாக்மூர் என்ற மந்திர உலகத்தை அதே முறையில் நடத்தினார்.

அந்த ஆண்டுதான் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதன் கடைசிப் பகுதியில் டிராகன்களும் மந்திரவாதிகளும் வந்தார்கள். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1965-இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்து மாணவர்கள் கையிலெல்லாம் புரண்ட காலம் அது. மந்திரவாதி எறியும் நெருப்புருண்டை எவ்வளவு இடத்தில் விழும் என்பதற்குச் செயின்மெயிலில் புது விதி தேடவில்லை. கோட்டை தகர்க்கும் பெரிய கவண்பொறியின் கல் விழும் பரப்பையே எடுத்துக்கொண்டார்கள். மின்னலுக்குப் பீரங்கிக் குண்டின் அளவு. மந்திரம் இந்த விளையாட்டுக்குள் நுழைந்தபோது பீரங்கிப்படையின் உடையில்தான் நுழைந்தது. கைகேக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அட்டையிலேயே தன்னைப் போர் விளையாட்டு விதிநூல் என்று அறிவித்துக்கொண்டது. விரைவில் தனி விளையாட்டாகப் பிரிந்து போனது.

பிரிந்து போன அந்த விளையாட்டு ஒரு சந்தையை விட்டுச் சென்றது. அதை ஆடுகிறவர்கள் தங்கள் வீரனுக்கு ஓர் உருவம், எதிரிக்கு நாலைந்து உருவங்கள் வாங்கினார்கள். 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் அமெரிக்க விளையாட்டுகளை இறக்குமதி செய்து விற்றது. 1979-இல் நியூவார்க்-ஆன்-டிரென்ட் நகரில் உலோக உருவங்கள் வார்க்க சிட்டடெல் நிறுவனம் அதனோடு இணைந்து உருவானது. நாலைந்து வாங்குகிறவரை நாற்பது, ஐம்பது வாங்க வைக்க வேண்டுமானால் பெரும்படை ஆட்டம் வேண்டும். பிரையன் ஆன்சல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் 1983-இல் மூன்று கையேடுகளாக வெளியிட்ட 'வார்ஹாமர்' அப்படிப் பிறந்தது. முதல் பதிப்பில் உலகம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. அடுத்தடுத்த பதிப்புகளில்தான் 'பழைய உலகம்' உருவெடுத்தது. அதன் பேரரசு புனித ரோமானியப் பேரரசின் சாயல். பிரெட்டோனியா இடைக்காலப் பிரான்ஸ். கிஸ்லெவ் பனி மூடிய ரஷ்யா. ரைன் ஆறு ரைக் ஆறாகப் பெயர் மாறி ஓடியது. ஐரோப்பிய வரலாற்றை அரைகுறையாகக் கேட்டிருக்கும் சிறுவனுக்குக்கூட அந்த நிலப்படத்தில் வழி தெரியும். வெறும் வெற்றிடத்தில் எழுப்பிய கற்பனை உலகங்கள் பல வந்து மறைந்தன. இது நிலைத்ததற்கு அந்தப் பரிச்சயம் பெரிய காரணம்.

1987-இல் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹாமர் 40,000' அந்த உலகை விண்வெளிக்குக் கொண்டுபோனது. அதன் வெற்றியின் நுட்பம் நிரப்பாமல் விட்ட இடங்களில் இருக்கிறது. மனிதப் பேரரசின் விண்வெளி வீரர்கள் ஆயிரம் படைகளாக இருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் பேர் என்று நூல் சொல்கிறது. பெயரும் நிறமும் கொடுக்கப்பட்டவை அவற்றில் சிறு பகுதிதான். மீதியை ஆட்டக்காரர் இட்டு நிரப்பலாம். அவர் புதிதாக வகுத்த படை அந்த உலகின் முறையான குடிமகனாகிவிடும். ஆதியில் இருந்த இருபது பெரும்படைகளில் இரண்டின் பெயரும் வரலாறும் அழிக்கப்பட்டுவிட்டன என்றும் சொல்லப்பட்டது. அந்த இரு இடங்களும் இன்றுவரை வெற்றாகவே இருக்கின்றன.

அந்த உலகத்தின் மையக் கதை பிறந்த விதமும் பதிவு செய்யத்தக்கது. 1988-இல் ஜெர்விஸ் ஜான்சன் அமைத்த 'அடெப்டஸ் டைட்டானிக்கஸ்' மாபெரும் நடமாடும் போர் எந்திரங்களின் ஆட்டம். பிளாஸ்டிக் உருவங்களுக்கான எஃகு அச்சு செய்வது பெரும் செலவு. ஒரே ஒரு வகை எந்திரத்துக்குத்தான் அச்சு செய்ய முடிந்தது. இருதரப்பும் ஒரே உருவத்தை வைத்து ஆட வேண்டுமென்றால் இருதரப்பும் ஒரே நாட்டவராக இருக்க வேண்டும். ஆகவே பேரரசுக்குள் ஓர் உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. பேரரசரின் அன்புக்குரிய தளபதி ஹோரஸ் அவருக்கு எதிராகத் திரும்பினான் என்ற கதை அதற்கு அடித்தளமானது. அச்சுச் செலவை மிச்சப்படுத்த எழுந்த அந்தக் கலகத்தை விரித்து 2006 முதல் 2024 வரை 50-க்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. பட்டறையின் நெருக்கடி புராணமாக விளைந்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஓர் உருவம் ஆட்டக்காரருடையதாக மாறுவது தூரிகையின் கீழ்தான். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரனைச் சட்டத்திலிருந்து நறுக்கி, வெட்டுத் தழும்பைக் கத்தியால் சீவி, ஒட்டி, கறுப்பில் முதல் பூச்சு கொடுப்பார்கள். கவசத்துக்கு நிறம் ஏறும். பிறகு மிகவும் நீர்த்த கருஞ்சாயத்தைத் தடவினால் அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தானாக ஓடித் தங்கும். கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு விளிம்புகளை லேசாக உரசுவார்கள். முகம் முகமாகத் தெரிவது அப்போதுதான். ஒரு படைக்கு இப்படி மாலைகள் மாதக்கணக்கில் கரையும். இத்தனை நேரம் கையில் இருந்தவனுக்கு ஒரு பெயரும் கதையும் வந்துவிடுவது இயல்பு. வாட்டர்லூவில் நிற்கும் சிப்பாய்க்கு அந்தக் கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது. கற்பனை உலகத்துச் சிப்பாயின் கதை அடுத்த ஆட்டத்தில் எழுதப்படக் காத்திருக்கிறது.

உண்மைப் போர்களைத் தவிர்ப்பதற்கு மனச்சான்று சார்ந்த காரணமும் உண்டு. இரண்டாம் உலகப்போரை ஆடினால் ஒருவர் நாஜிப் படையை நடத்தியாக வேண்டும். உறவினர்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் அது விளையாட்டாகாது. பூதப்படையை நடத்துவதில் அந்த வலி இல்லை. எனினும் கற்பனை முழுக்கக் கறைபடாமல் இருந்துவிடுவதில்லை. 40,000 உலகின் மனிதப் பேரரசு கொடுங்கோன்மையின் உச்சமாக, எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டது. அதைப் போற்றத்தக்க இலட்சியமாகவே எடுத்துக்கொண்டவர்களும் தோன்றினார்கள். 2021-இல் ஸ்பெயினில் நடந்த போட்டி ஒன்றில் ஒருவர் நாஜிச் சின்னம் அணிந்து ஆட, அந்தப் பேரரசு போற்றுதற்குரியதன்று, வெறுப்புக்கு இங்கே இடமில்லை என்று கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளிப்படையாக அறிக்கை விட்டது. அதைச் சொல்ல வேண்டியது அதன் கடமையாகவும் இருந்தது.

பாத்தின் ஹைபோரியாவுக்கும் இந்த உலகங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. அங்கே உலகம் ஆடுகிறவர் கையில். இங்கே அதன் காலச்சக்கரம் நிறுவனத்தின் கையில். 1984-இல் சிகாகோவில் தொடங்கிய 'பேட்டில்டெக்' 31ஆம் நூற்றாண்டு வரலாற்றை நூல் நூலாக நகர்த்திக்கொண்டே போனது; எந்த அரச குலம் வீழ்ந்தது என்பதை ஆட்டக்காரர்கள் புத்தகம் வாங்கித் தெரிந்துகொண்டார்கள். வார்ஹாமரின் பழைய உலகத்தை நிறுவனம் 2014-15 காலத்தில் வெளியிட்ட நூல் வரிசையில் அழித்தே விட்டது. அதன் இடத்தில் 2015-இல் 'ஏஜ் ஆஃப் சிக்மர்' வந்தது. சதுர அடித்தட்டில் வரிசையாக நின்ற படைகளுக்குப் பதில் வட்ட அடித்தட்டில் சிதறி ஓடும் வீரர்கள். முப்பதாண்டு வளர்த்த நாடு தங்களைக் கேட்காமல் மூழ்கடிக்கப்பட்டதில் பலருக்கு உண்மையான துயரம் இருந்தது. பலர் பழைய விதிநூல்களையே வைத்துத் தொடர்ந்து ஆடினார்கள். சிலர் கூடிப் புது விதிகள் எழுதி, அழிந்த நாடுகளின் படைகளுக்குப் புகலிடம் கொடுத்தார்கள்.

2024 ஜனவரியில் நிறுவனமே 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் அந்த உலகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கதையின் காலத்தை அழிவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னுக்குத் தள்ளி அமைத்தார்கள். பேரரசை மூன்று பேர் பங்கு கேட்டுச் சண்டையிடும் காலம் அது. சதுர அடித்தட்டும் வரிசை நடையும் திரும்பின. முன்பு 20 மில்லிமீட்டராக இருந்த காலாளின் அடித்தட்டுக்குப் புதிய விதியில் 25 மில்லிமீட்டர். பரணிலிருந்து இறக்கிய பழைய பேரரசுப் படைகளை, ஒவ்வொரு சிப்பாய்க்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தும் தட்டுகளில் அடுக்கி, ஆட்டக்காரர்கள் மறுபடி மேசைமேல் நிறுத்தியிருக்கிறார்கள்.